இஞ்சி அளவு பற்றிய தீர்மானம்

ஆலன் நகரம், அமெரிக்கா, ரமலான் மூன்றாம் வெள்ளி

நோன்புக் கஞ்சியில் எவ்வளவு இஞ்சி போடுவது என்பதை இனி ஓட்டெடுப்பில் முடிவு செய்வதில்லை என்று எங்கள் தமிழ் ஜமாஅத் இன்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

நிரந்தரத் தலைவராக இருந்த காதர் அங்கிளைப் போன வருடம் தேர்தல் வைத்துத் தோற்கடித்தவன் ரஃபீக். இஞ்சி வரை எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு வைத்தவனும் அவன்தான். அவனுக்கு வேலை அங்கிளின் கம்பெனியில். விசாவும் அதை நம்பித்தான். தோற்றதும் அங்கிள் தம் பெரிய அண்டாவை வீட்டுக்கு எடுத்துப் போனார். இந்த ரமலானில் வாடகைப் பாத்திரத்தில் கஞ்சி தினமும் அடிப்பிடித்தது. இன்று அவரையே மறுபடி நிரந்தரத் தலைவராக்கினோம். நானும் கை தூக்கினேன்.

"எலெக்‌ஷன் நல்லாத்தான்பா இருந்துச்சு, கஞ்சிதான் தீஞ்சு போச்சு" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தோம். ரஃபீக்கும் சிரித்துவிட்டு, "மன்னிச்சிருங்க அங்கிள்" என்றான்.

"அட விடுப்பா, மண்டே ஆபீஸ்ல பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய் ரஃபீக் எனக்கு போன் செய்தான். ஆபீஸ் லாகின் வேலை செய்யவில்லை.