சாவி ரொட்டிக் கடையில் இருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நகராட்சியின் சுகாதார அலுவலர் வந்திருந்தார். சின்னப் பெண்தான், என்னிடம் படித்து வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் வயது இருக்கும். எங்கள் வட்டத்தில் சாப்பாட்டுக் கழிவை இனித் தனி வாளியில் வாங்கப் போகிறார்களாம். அதை லாரியில் ஏற்றிக் குப்பை மேட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே உரமாக்க ஒரு கொட்டகை.

"டீச்சர், நீங்க குழுவில இருக்கணும். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

நான் சொல்லிக் கேட்டவர்கள் எல்லாம் பத்து வயதைத் தாண்டாதவர்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். சம்மதித்துவிட்டேன்.

பிறகுதான் இடத்தைச் சொன்னார். பேக்கரிச் சந்து. உடைந்த தள்ளுவண்டிகள் கிடக்கும் காலி மனை. அதாவது, என் தங்கையின் ரொட்டிக் கடை அடுப்புச் சுவருக்கு நேர் பின்னால்.

இதை அவளிடம் யார் சொல்வது?

மார்ச் 5, புதன்

நான்தான் சொன்னேன். மாவுக் கையோடு நின்று கேட்டாள்.

"அக்கா, என் கடைக்கு போர்டு கூட கிடையாது. வாசனைதான் போர்டு. பன் வேகுற வாசனைக்குத்தான் தெருவுல போறவன் திரும்பிப் பாக்குறான். அதுக்குப் பின்னாடி குப்பையக் கொட்டுனா யாரு உள்ள வருவா?"

"நாறாதுடி. காஞ்ச இலை போட்டு, முறையா கிளறினா..."

"நாறாத குப்பைய நான் பாத்ததே இல்ல. அந்தக் குப்பை மேடம் உன்னை நல்லா மயக்கி வெச்சிருக்கா."

அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மகளின் கல்லூரி, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரே அடுப்பில்தான் வேகின்றன.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டில் செய்து பார்க்க அலுவலர் ஒரு டிரம் தந்தார். பக்கவாட்டில் துளைகள், மேலே மூடி. பின்வாசல் படிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை; ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு பிடி காய்ந்த இலை.

வகுப்பில் ஒரு வாயாடிக்கு இருபுறமும் இரண்டு அமைதியான பிள்ளைகளை உட்காரவைப்பேன். ஈரக் கழிவும் அந்த மாதிரிதான். காய்ந்த இலைகளுக்கு நடுவே உட்காரவைத்தால் வம்பு செய்வதில்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரிட்டயர் ஆகியும் இடம் மாத்தி உக்கார வெக்கிற புத்தி போகலையே" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

வழக்கம்போல் மதியம் தங்கை ரொட்டியோடு வந்தாள். டிரம்மின் மேல் பழைய போர்வையைப் போர்த்தியிருந்தேன். தூசி படாமல் இருக்கத்தான் — இப்படி எனக்கே சொல்லிக்கொண்டேன். பேசிக்கொண்டே அவள் தேநீர்க் கோப்பையை அதன் மேல் வைத்தாள்.

அடியில் இருப்பதைச் சொல்லாமல் ரொட்டியை வெட்ட ஆரம்பித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

கோப்பை இன்றும் அங்கேயேதான். இப்போது அது அவளுடைய மேசை ஆகிவிட்டது. அடுத்த தெருவில் பால் தீய்ந்தால் இங்கிருந்தே சொல்லிவிடும் மூக்கு அவளுடையது. ஒரு முறைகூடச் சுளிக்கவில்லை.

சொல்லிவிடலாமா? ஏப்ரல் பத்தாம் தேதி வட்டக் கூட்டம் இருக்கிறது. அங்கே சொன்னால் எல்லோருக்கும் ஒரே பாடமாகிவிடும்.

ஏப்ரல் 10, வியாழன்

கூட்டம். சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. மின்விசிறி மட்டும் சுற்றவில்லை. கவுன்சிலர் பேசினார், அலுவலர் படம் காட்டினார். அப்புறம் தங்கை எழுந்தாள். நன்றாகவே பேசினாள். கடைசியில், "என் மூக்கை ஏமாத்த முடியாது. ஒரு கைப்பிடி குப்பை பக்கத்துல இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன்?

"ஒரு மாசமா நீ ஞாயித்துக்கிழமை டீ கப் வெக்கிறியே, அந்தப் போர்வைக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டு, பதிலையும் நானே சொன்னேன்.

கூடமே சிரித்தது. பின்வரிசையில் எவனோ விசில் அடித்தான். கைதூக்கச் சொன்னதும் கைகள் மளமளவென்று உயர்ந்தன. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அலுவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தங்கை சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "நான் என்ன உன் வகுப்புப் பிள்ளையா, அக்கா?" போய்விட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ரொட்டி வரவில்லை. "ஜெயிச்சுட்டியே, அதையே தொட்டுக்கோ" என்று வெறும் டீயை நீட்டினார் இவர்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா வேற கடை பாத்துக்கிட்டு இருக்காங்க. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம். எனக்குப் பயமா இருக்கு. அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

சொல்லாமல் கொள்ளாமல் பரீட்சை வைப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மதிப்பெண் நன்றாகவே வரும். ஆனால் மறுநாள் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதை ஏன் நான் கணக்கில் எடுத்ததே இல்லை? நாறாது என்று நிரூபித்தேன். சரி. என்னையே கேட்டுக்கொண்டேன்: அவ ஊர் முன்னாடி தலைகுனிஞ்சாளே, அது உனக்குத் தெரியலையாடி? வீட்டுலயே போர்வையத் தூக்கிக் காட்டியிருந்தா குறைஞ்சா போயிருப்ப?

ஏப்ரல் 22, செவ்வாய்

கூட்டம் குறையும் நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்டூலைக்கூடக் காட்டவில்லை. நின்றபடியே சொன்னேன்: "தப்பு பண்ணிட்டேன். உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தாள்.

"உன் டிரம் நாறலக்கா. ஒத்துக்கிறேன். ஆனா அதை நீ தினம் கிளறுற. சந்துல யாரு கிளறுவா? கிளறுறவன் லீவு போட்டா? இலை வரலைன்னா? நாறுற அன்னிக்கு நான் யாரு வாசல்ல போய் நிக்கணும்? மனு குடுன்னுவாங்க. மனு நகர்றதுக்குள்ள என் கடைய மூடிடலாம்."

இத்தனை நாள் அவள் கேட்டது இதைத்தான். நான் வேறொரு கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தேன்.

"சரி, நீ என்ன கேக்குற?"

தட்டை வைத்தாள். "கேட் சாவி."

மே 2, வெள்ளி

அலுவலரைக் கடைக்கு அழைத்துப் போனேன். தங்கை ஸ்டூல் போட்டாள் — அவருக்கு மட்டும். மனைக்கு ஒரே கேட், அதன் சாவி கடையில் இருக்க வேண்டும், நாற்றம் வந்தால் அது சரியாகும்வரை புது வண்டியை உள்ளே விடமாட்டாள். இதுதான் அவள் கேட்பது.

"அதுக்கு விதியில இடம் இல்லையேம்மா" என்றார் அலுவலர்.

"அப்ப இங்கயும் இடம் இல்ல."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் பன்னைப் பார்த்தேன். கூட்டத்தில்தான் கை தூக்கியாயிற்றே, அவள் சம்மதம் இல்லாமலே கட்டலாம். அவருக்கும் அது தெரியும். சூடான பன்னைப் பிய்த்து மென்றுகொண்டே யோசித்தார்.

"பின்னாடி இருந்து வாசம் வந்தா இந்த பன்னை நானே வாங்க மாட்டேன்" என்றார் கடைசியில். "கேட்டுப் பாக்குறேன்."

மே 19, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. திட்டத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கவுன்சிலருக்குத்தான் முகம் சரியில்லை.

ஜூன் 9, திங்கள்

கொட்டகை திறந்தாயிற்று. செங்கல் இடைவெளி விட்டுக் கட்டிய நான்கு தொட்டிகள், தகரக் கூரை, மூலையில் மலைபோல் காய்ந்த இலை. சாவி அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. என்னிடம் இரண்டு வார்த்தை பேசினாள்: "தள்ளி நில்லு." பின்னால் வண்டி வந்துகொண்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காலையிலேயே கவுன்சிலரின் போன். நேற்று ஒரு மண்டபத்து விருந்தில் மிஞ்சியதை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். மழையில் இலையும் நனைந்துவிட்டது. நாற்றம் கிளம்பிவிட்டது. தங்கை சாவியைத் தரவில்லை, வண்டிகள் சந்து முழுக்க நிற்கின்றன.

"டீச்சர், உங்க தங்கச்சிகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

"சாவி அவகிட்ட இருக்கு. நான் என்ன சொல்றது?"

போனை வைத்துவிட்டேன். இன்றோடு எல்லாம் போச்சா? போய்ப் பார்க்கக் கால் துடித்தது. போகவில்லை. இது என் வகுப்பு இல்லை.

மதியம் தங்கை மகள் சொல்லித்தான் தெரிந்தது. அலுவலரே மரப்பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் ஏற்றி வந்தாராம். துப்புரவுத் தொழிலாளர்கள் தொட்டியைப் புரட்டித் தூளைக் கலந்தார்களாம். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மோந்து பார்த்த பிறகே அம்மா சாவியைக் கொடுத்தாள் என்றாள்.

"எல்லாருக்கும் பன் வேற குடுத்தாங்க, பெரியம்மா. காசு வாங்கல."

"கடை பாக்கப் போனாளே?"

"அதுவா? அட்வான்ஸ் கேட்டு அவங்க கூப்பிட்டாங்க. எனக்கு வேலை இருக்குன்னு அம்மா போனை வெச்சுட்டாங்க."

ஜூன் 29, ஞாயிறு

மதியம் பின்வாசல் கதவு திறந்தது. ரொட்டி, இன்னும் சூடாக. இவர் ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்து வந்தார்.

அவள் உட்காரவில்லை. நேரே போய்ப் போர்வையை இழுத்துக் கீழே போட்டாள். மூடியைத் தூக்கி, குனிந்து மோந்தாள். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தாள்.

"இலை பத்தாது, அக்கா. ஈரமா இருக்கு. என்ன டீச்சர் நீ?"

போட்டேன். அவள் சொன்ன அளவுக்கு இலை போட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து தேநீரை வாங்கிக்கொண்டாள்.

மூடியை அழுத்திச் சாத்தி, பார்த்து, அதன் மேல் கோப்பையை வைத்தாள்.