பெயரின் மேல் ஒரு வெட்டு

இன்று காலை குப்பை வண்டிக்காரப் பெண் என் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்ததெல்லாம் காலி மாத்திரை அட்டைகள். காய்ந்த குப்பையோடு எடுத்துக்கொள்வாள் என்று நம்பி மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தவள், "இதுல பிளாஸ்டிக்கும் தகடும் ஒட்டிகினு கீதும்மா. பிரிக்க முடியாது. எடைக்கும் எவனும் எடுக்க மாட்டான்" என்றாள். அப்புறம் இன்னும் உற்றுப் பார்த்துவிட்டு, எல்லா அட்டையும் ஏன் குறுக்கே வெட்டியிருக்கிறது என்று கேட்டாள். பழக்கம் என்றேன். வயசானவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைத்திருப்பாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளோடு பேசியதுதான் இன்று நான் மனுஷர்களோடு பேசிய மொத்தப் பேச்சு. கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது, அந்தக் கேள்விக்கு என்னைத் தவிர பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்று. நீயும் போய்விட்டாய். பிள்ளைகளிடம் சொன்னால் போனிலேயே சிரிப்பார்கள். அதனால் பையை மேஜை மேல் வைத்துக்கொண்டு உனக்கே எழுதுகிறேன். படிக்க மாட்டாய் என்று தெரியும். படிக்கிறவளாக இருந்தாலும் முதல் பத்தியிலேயே "விஷயத்துக்கு வாடி" என்றிருப்பாய்.

செங்கல்பட்டை விட்டு வெளியே, ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தச் சின்ன மருந்துக் கம்பெனியில் நாம் சேர்ந்தது எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம். மாத்திரையைப் பாட்டிலில் போட்டுப் பஞ்சு அடைத்து அனுப்பிய காலம் முடிந்து, அட்டை போடும் மெஷின் புதிதாக வந்திருந்தது. பிளாஸ்டிக் பூசிய ஈயத்தாள் இரண்டு பக்கச் சுருளிலிருந்தும் இறங்கி, சூடான உருளைகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் நேரத்தில் இடையில் மாத்திரை விழும். நீ மெஷின் பக்கம், நான் மேஜைப் பக்கம். சரியாக ஒட்டாத அட்டைகளைப் பிரித்து மாத்திரையைத் தனியே எடுப்பது என் வேலை. மெஷின் நிற்கிற நேரத்தில் நீயும் ஒரு கத்திரியோடு என் எதிரே வந்து உட்காருவாய். தலைமுடி வெளியே தெரியாமல் துணிக்குல்லாய் போடச் சொல்வார்கள். "உனக்கு இன்னா, நீ வூட்டுலயே முக்காடு போட்டுப் பழகினவ. எனக்குத்தான் பேஜாரு" என்று முதல் நாளே வம்புக்கு இழுத்தாய். நான் பதிலுக்கு உன் கையில் மீன் வாடை அடிக்கிறது என்றேன். அன்றைக்கே ஒட்டிக்கொண்டோம்.

நீ மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பெண். வார நாட்களில் செங்கல்பட்டில் உன் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வருவாய். நான் கடைத்தெரு ஓரத்தில் சாக்கு வியாபாரியின் மகள். வேலைக்குப் போகிறேன் என்றதும் அத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நீ வீட்டுக்கு வந்து, அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசி, போகும்போது "நைனா, உங்க பொண்ணு கை வேகத்துக்கு மெஷினே தோத்துடும்" என்று ஒரே போடாகப் போட்டாய். அன்றைக்குத்தான் அத்தா சிரித்தார்.

நோன்பு மாதத்தில் நீ என் எதிரே சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மாட்டாய். எத்தனை சொல்லியும் கேட்காமல் கட்டடத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவாய். பின்னால்தான் குப்பைக் குழி. கம்பெனிக் குப்பை முழுவதும் அங்கேதான் எரியும். ஓட்டி முடித்த சுருளின் வால், ஓரத்தில் அறுத்த தாள், மருந்துப்பொடி வந்த டிரம்முக்குள் போட்ட பாலிதீன் பை, மெஷின் கிளம்பும்போது மாத்திரை விழாமல் நீளநீளமாக ஓடிவரும் வெறும் அட்டை. தாளில் இருக்கும் பிளாஸ்டிக் கரும்புகையாகப் போகும், தகடு மட்டும் வேகாமல் சாம்பலுக்குள் கிடக்கும். எனக்காக அங்கே போய் உட்கார்ந்து அந்தப் புகையைக் குடித்தவள் நீ. பெருநாளுக்கு மறுநாள், இந்த எரிப்பைக் குறைக்க வேண்டும் என்று நேரே மேனேஜர் அறைக்குப் போய் நின்றாய்.

அவர் கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. நீ சொன்னதைக் கேட்டார். பழைய சுருள் தீரும் முன்பே அதன் வாலோடு புதுச் சுருளை ஒட்டிவிட்டால் வெறும் அட்டை ஓடுவது பாதியாகக் குறையும் என்று நீ சொன்னதும், மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செய்து பார்க்கச் சொன்னார். குறைந்தது. டிரம் பைகளைத் தட்டி உதறி, அதே மருந்துக்கே மறுபடி போட ஏற்பாடு செய்தார். அச்சில்லாத ஓரத்தாளை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். அச்சடித்த தாளுக்கு மட்டும் அவர் இறங்கி வரவில்லை. மருந்தின் பெயர் போட்ட தாள் முழுசாக வெளியே போனால் போலி மாத்திரைக்காரன் கையில் சிக்கும், எந்தப் பிள்ளையின் வாயிலோ சுண்ணாம்பு போய் விழும் என்றார். அது நியாயமான பயம். அதனால் அச்சடித்த ஒவ்வொன்றையும் பெயரின் குறுக்கே வெட்டிய பிறகே குழிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆனது.

வெட்டுவது நாமிருவரும். எனக்குக் கை வேகம், உனக்குக் கண் வேகம். நான் பாட்டுக்கு வெட்டித் தள்ளியதில் ஒருநாள் ஒரு காய்ச்சல் மாத்திரையும் சேர்ந்து இரண்டாகப் போனது. நீ கத்திரியைப் பிடித்து நிறுத்தினாய்.

"உள்ள எதுனா கீதானு தடவிப் பாத்துட்டு வெட்டுடி. ஒருத்தரோட காய்ச்சலு கீது அதுக்குள்ள."

அதற்கப்புறம் பெருவிரலால் ஒவ்வொரு குமிழாகத் தடவாமல் நான் கத்திரி வைத்ததில்லை.

அச்சில்லாத ஓரத்தாளை மற்றவர்கள் கொலுவுக்கும் கல்யாணத் தோரணத்துக்கும் கொண்டுபோனார்கள். நீ கொண்டுபோனது உன் அண்ணனுக்கு. கட்டுமரத்தில் போய்த் தூண்டில் போடுகிறவர். முள்ளுக்கு மேலே மெல்லிய கீற்றாகக் கட்டிவிட்டால் தண்ணீருக்குள் சின்ன மீன் ஓடுவதுபோல மினுக்கும், பெரிய மீன் ஏமாந்து கவ்வும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாய். நான் அதற்கு முன் கடலில் கால் நனைத்ததில்லை. அலை வந்ததும் உன் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினேன். குப்பமே வேடிக்கை பார்த்தது. உன் அண்ணன் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி, "உங்க கம்பெனி மீனுதான் இது" என்றார். அந்த நாள் மாதிரி ஒரு நாள் எனக்கு அப்புறம் வரவேயில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம்.

கம்பெனி மருந்தை ஊர் ஊராக டாக்டர்களிடம் கொண்டுபோகும் ரெப் ஒருவர், மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருக்கிறார். கடற்கரைக் கோயில் பக்கம் ஏற்றி வைத்திருந்த ஒரு கட்டுமரத்தில், தூண்டில் கயிற்றில் மினுமினுவென்று ஒரு கீற்று. அதில் நம் காய்ச்சல் மாத்திரையின் பெயர் முழுசாக, வெட்டுப்படாமல். மறுநாள் காலை அது மேனேஜர் மேஜைக்கு வந்துவிட்டது. அந்தக் கரையிலிருந்து வருகிறவள் கம்பெனியில் நீ ஒருத்திதான். அச்சடித்த தாள் உன் வழியாக வெளியே போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் உள்ளே மேஜையில் இருந்தேன். வாசலில் உன் பையைக் கொட்டிப் பார்த்தார்கள் என்ற செய்தி என்னிடம் வருவதற்குள் நீ போய்விட்டிருந்தாய். டப்பா, சீப்பு, அண்ணனுக்கு எடுத்து வைத்த ஓரத்தாள், இவ்வளவுதான் கிடைத்ததாம். எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெயர் எப்படி அங்கே போனது என்று கேட்டதற்குத் தெரியாது என்றிருக்கிறாய். உனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் அந்த மத்தியானத்திலிருந்து மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் உன்னைத் திருடி என்றார்கள். போலி மாத்திரைக்காரி என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவளிடம் நான் ரொம்ப நாள் பேசவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்தேன். நீ குடிசைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய், எழுந்திருக்கவில்லை. நான் உன் அண்ணனிடம் தூண்டில் கூடையைக் கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஓரத்தாளோடு நம் காய்ச்சல் மாத்திரை அட்டைகளும் இருந்தன. "இதுவா? அம்மாவுக்குக் காய்ச்சல்னு தங்கச்சி குடுத்துச்சே, அந்த அட்டைங்க. மாத்திரைதான் தின்னாச்சு, அட்டைய இன்னாத்துக்குத் தூக்கிப் போடணும்னு வெச்சிகினேன், அக்கம்பக்கத்து கட்டுமரத்துக்காரனுங்களுக்கும் ரெண்டு குடுத்தேன்" என்றார். கம்பெனியில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த மாத்திரை அது. கேட்டில் காட்டிவிட்டுத்தான் நீ எடுத்துப் போனாய். எல்லா அட்டையிலும் மாத்திரையை அழுத்தி எடுத்த ஓட்டை இருந்தது. ரெப் கொண்டுவந்தது இப்படி ஒரு அட்டையின் ஓரத்திலிருந்து நறுக்கிய கீற்று, அதனால் அதில் ஓட்டை தெரியவில்லை.

நாம் உள்ளேயே வெட்டிக்கொண்டிருந்தோம். மாத்திரையோடு கேட்டைத் தாண்டிப் போகும் அட்டையை யார் வெட்டுவார்கள் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, சட்டம் போட்டவரும் யோசிக்கவில்லை.

அட்டைகளைக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்தேன். ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உன்னை வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எல்லார் முன்னாலும், அந்தப் பெண் மேல் தப்பில்லை என்றும் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் உன் குல்லாயைத் துவைத்துக் காயவைத்தேன். நீ வரவில்லை. அடுத்த ஞாயிறு நானே உன்னைத் தேடி வந்தேன். கருவாடு காயும் இடத்தில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்து எழுந்திருக்காமலே சொன்னாய்.

"கூப்ட்டாரு, சரி. தப்பு இல்லன்னு சொன்னாரு, அதுவும் சரி. ஆனா என் பையைக் கொட்டினப்ப எல்லாரும் பாத்துகினு நின்னாங்கடி. அந்தக் கண்ணுங்க நடுவுல நான் எப்டி உக்காருவேன்?"

என் கண் அதில் இல்லையே என்றேன். தெரியும் என்றாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மானம் உனக்குப் பெரிசு, மேஜையில் தனியாக உட்காரப் போகிறவளை நினைத்தாயா என்று. அந்தக் கோபம் போக வருஷமாயிற்று. உன் எதிர் நாற்காலியில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நல்ல பெண்கள்தான். ஒருத்தியும் என்னை வம்புக்கு இழுக்கவில்லை.

நீ கல்யாணமாகி, மீன் கூடையோடு செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்கு வர ஆரம்பித்தாய். ஓரத்தாளை நான் தனியாக எடுத்துவைத்து உன்னிடம் கொடுப்பேன். ஒருநாள் வாங்க மாட்டேன் என்றுவிட்டாய். மடியிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினாய். மீனை நறுக்கும்போது வயிற்றுக்குள் கிடந்ததாம், மினுமினுக்கும் ஒரு துணுக்கு. "நம்ம தாளுதான்டி. சுத்தி நம்மகிட்டயே வந்துகீது" என்றாய். அண்ணனிடம் இருந்ததையெல்லாம் பிடுங்கிப் புதைத்துவிட்டதாகச் சொன்னாய். புதைத்தால் மட்டும் எங்கே போகும் என்று கேட்டேன். நீ கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். இன்று காலை இந்தப் பை என் கைக்கே திரும்பி வந்தபோது அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நீ வருவது குறைந்தது. முழங்கால் வலி என்றாய். எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், அவர் போனது, கம்பெனி மூடியது, பிள்ளைகள் வெளியூர் போனது. பெருநாளுக்குப் பெருநாள் போனில் பேசினோம். இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தத்துக்கு ஒரே மாத்திரை என்று தெரிந்தபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நேரில் வா என்று நீயும் சொல்வாய், நானும் சொல்வேன். இருவருமே போகவில்லை.

உன் மகள் போன் செய்த அன்றே வந்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். உன் குப்பம் வரைக்கும் இப்போது மதில் சுவரும் விடுதியுமாக இருக்கிறது, மணலில் பாட்டிலும் பையுமாகக் கிடக்கிறது. உன் மகள் உன் மருந்துப் பையைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். "பெரிம்மா, அம்மா இத இன்னாத்துக்கு இப்டி வெட்டி வெட்டி வெச்சிகினு இருந்துச்சுன்னே தெரில" என்றாள். காலி அட்டைகள். ஒவ்வொன்றும் பெயரின் குறுக்கே வெட்டியது. நீ அந்த மேஜைக்கு மறுபடி வரவேயில்லை என்று எத்தனை வருஷம் உன்மேல் குறைபட்டிருக்கிறேன். அத்தனை வருஷமும் நீ அங்கே உட்கார்ந்து என்னோடு வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். உன் மகள் முன்னால் வாய்விட்டு அழுதேன். அவள், உன் சாவுக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பையில் வெட்டாத அட்டை ஒன்றே ஒன்று இருந்தது. நீ கடைசியாகப் பிரித்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தேன். மருந்து தேதி போயிருக்கும், யாரும் சாப்பிடப் போவதில்லை, வீட்டில் வைத்திருப்பது தப்பு, எல்லாம் தெரியும். இப்போதுகூடக் கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெருவிரலால் ஒவ்வொரு குமிழாகத் தடவிப் பார்த்தேன். உள்ளே இருக்கிறதுடி. கத்திரியைக் கீழே வைத்துவிட்டேன்.