வழக்கமான மாத்திரை

29.3.89, புதன்

காலையிலேயே கடும் வெயில். செய்முறைத் தேர்வுக்காக ஆய்வகப் புட்டிகளுக்குப் புதுச் சீட்டு. மதியம் விடுப்பு. மனைவி பாக்கியத்துடன் காரியாபட்டி வழியாக மதுரை. மார்பிலுள்ள கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்தார்கள். முடிவு 7ஆம் தேதி, வெள்ளி.

பங்குனிப் பொங்கலன்று மாதவிலக்கு வராதிருக்க ஆண்டுதோறும் அவள் விழுங்கும் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அதுவும் ஹார்மோனே என்றார் டாக்டர்.

"அதுதான் காரணம்னு சொல்லமாட்டேன் சார். ஒடம்பு தானா சுரக்கிறத வச்சே வளர்ற கட்டி உண்டு. நாம வேற எதுக்குக் கூடச் சேர்க்கணும்? முடிவு வர்ற வரைக்கும் வேண்டாம்."

வேதியியல் கற்பிப்பவன் நான். வெளி நஞ்சென்றால் புட்டியை மூடி வைக்கலாம். உடம்பே அனுப்பும் செய்திக்கு மூடி ஏது? பஸ்ஸில் முழுவதும் இதே நினைப்பு. அவள் ஜன்னலோரம் உறங்கினாள்.

பொங்கல் 4ஆம் தேதி. அவள் மாதக் கணக்கும் அன்றுதான் விழுகிறது.

31.3.89, வெள்ளி

கட்டுப் போடப் பஞ்சு, பிளாஸ்திரி. மருந்துக்கடைக்காரர்: "வழக்கமான மாத்திரைய அக்கா நேத்தே வாங்கிட்டாகளே சார்."

மீதிச் சில்லறையை எண்ணாமலே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் கேட்டேன். மறைக்கவில்லை. "கோயில்ல மொதப் பான நம்ம வீட்டுது. நான் வைக்காம?"

டாக்டர் சொன்னதை வரிசையாக விளக்கினேன், வகுப்பில் போல. கேட்டு முடித்துவிட்டு, "இந்த வருசம் வைக்கலைன்னா அடுத்த வருசம் வைக்க இருப்பேனா? அதச் சொல்லுங்க" என்றாள்.

மாத்திரை அட்டையைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

2.4.89, ஞாயிறு

புழுக்கம். என் தம்பி மனைவி செல்லம் வெல்லத்துடன் வந்தாள்.

"ஏக்கா, ஒரு வருசமாச்சும் அந்தப் பானைய எங்கிட்ட விடுங்களேன்."

"ஒங்கிட்ட விட்டா பொங்காதுடி, அடிபிடிச்சுத்தான் போகும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது பாக்கியத்தின் கை கட்டுப் போட்ட இடத்தை அழுத்தியது.

அலமாரியில் மாத்திரை அட்டை இல்லை. விழுங்கத் தொடங்கிவிட்டாளா? கேட்க அச்சம். தெரியாமல் இருப்பது அதைவிட.

4.4.89, செவ்வாய்

விடியுமுன் எழுந்து குளித்தேன். புதுப்பானை, மஞ்சள் கொத்து, எல்லாம் தயார். பாக்கியத்தைக் காணோம். கொல்லைக் கதவருகே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வராதீக. நான் தூரம். பானைய எடுக்கச் செல்லத்த வரச் சொல்லுங்க."

மாத்திரையை விழுங்கவில்லை. இந்த நாளில் இச்சொல் காதில் விழவே கூடாது என்று இருந்த வீடு இது. முறைப்படி நான் விலகி நிற்க வேண்டும். அருகில் போய் உட்கார்ந்தேன்.

"கோயிலுக்குப் போறவுக செய்யிற காரியமா இது?"

மறுபடி குளிக்க வேண்டும். செல்லத்தை அழைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை.