எண்ணெய் குடித்த தோட்டாக்கள்

13.3.1971, சனி

சனிக்கிழமை என்றால் இந்த வீட்டில் எண்ணெய்த் துணிதான். பூட்டு, தையல் மிஷின், கதவுக் கீல், இவருடைய ரைபிள், பெட்டியிலிருக்கும் தோட்டாக்கள் என்று எல்லாவற்றையும் துடைத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. ஒரு வாரம் விட்டால் போதும், உப்புக் காற்று பித்தளையைப் பச்சையாக்கிவிடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் விட்டதில்லை. தோட்டாக்களைப் பார்த்தால் நேற்றுச் செய்தது மாதிரி மின்னும்.

சாப்பிடும் நேரத்துக்குக் களக்காட்டிலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். இவரோடு பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்து படித்தவர், வாழை போட்டிருக்கிறார். ஒற்றை யானை ஒன்று தோப்புக்குள் இறங்கி இரண்டு பேரைக் கொன்றுவிட்டதாம். சுடலாம் என்று கலெக்டர் உத்தரவும் ஆகிவிட்டது. "பெரிய ரைபிள் ஒங்கிட்டதான்டே இருக்கு. வருதியா ரோச்?" என்றார். இவர் யோசிக்கவே இல்லை, "வாரேன்" என்றுவிட்டார். கப்பல்களுக்குக் காய்கறி சப்ளை செய்கிற மனுஷன்! இதுவரை சுட்டது பன்றியும் மிளா மானும். யானையைத் திருச்செந்தூர்க் கோயில் வாசலில் பார்த்திருப்பார். 24ஆம் தேதி ஜீப் வருகிறது.

14.3.71

பூசை முடிந்து வந்ததும் இவர் மேஜையில் இரண்டு தோட்டாக்களை நிறுத்திவைத்து முறைத்துக்கொண்டிருந்தார். எதைக் கொண்டுபோவது என்று குழப்பம். வருஷக்கணக்காகத் துடைக்கிறேன், இன்றுதான் உற்றுப் பார்த்தேன். ஒன்று சாஃப்ட் நோஸ். குண்டின் முனையில் ஈயம் வெளியே தெரிகிறது. போன வருஷம் வாங்கியது. மற்றது சாலிட். முழுக்க உலோக உறை, மொட்டைத் தலை. அது இவர் அப்பா காலத்துச் சரக்கு.

"ஈயம் எலும்புல பட்டா விரிஞ்சு நின்னுரும். மிளாவுக்கு அது போதும்" என்றார். "யானை மண்டை அப்படியில்ல. எலும்புக்குள்ள தேனடை மாதிரி அறை அறையா இருக்கும். மூளைக்குப் போவுமுன்ன குண்டு நின்னுட்டா அது நம்ம மேல வந்துரும்."

"அப்போ எல்லாத்துக்கும் சாலிட்டையே வச்சிக்கிட்டா என்ன?"

"மிளாவுல ஊடுருவிப் போயிரும் ஏளா. காயத்தோட ஓடி எங்கயாவது கெடந்து சாவும்."

விரிய வேண்டிய இடத்தில் விரிய வேண்டும், கூடாத இடத்தில் கூடாது. ஒரு சின்ன உறைதான் இதைத் தீர்மானிக்கிறது! இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

17.3.71

பாத்திரம் விளக்கும்போதும் குண்டு நினைப்புதான். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு பொம்பளைக்கு இது தேவையா? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

20.3.71

முள்ளக்காட்டில் சிலுவை அண்ணனுடைய உப்பளத்துக்குப் போனோம். சுட்டுக் காட்டினால்தான் ஆச்சு என்று நான்தான் அடம்பிடித்தேன். ஈர உப்பு மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவைத்தார்கள். சாஃப்ட் நோஸ் இரண்டாவது மூட்டையிலேயே நின்றுவிட்டது. கிளறி எடுத்தால் காளான் மாதிரி விரிந்திருக்கிறது. சாலிட் எல்லா மூட்டையையும் துளைத்துப் பின்னாலிருந்த உப்புக் குவியலில் கிடந்தது. கொஞ்சம்கூட நசுங்கவில்லை. நான் கைதட்டினேன்.

இன்னொரு சாலிட் போட்டுப் பார்த்தார். டிக் என்றது. அவ்வளவுதான். சில சமயம் தாமதமாக வெடிக்குமாம், குழலைத் திருப்பாமல் நின்றுகொண்டே இருந்தார். வெடிக்கவில்லை. எடுத்து மறுபடி போட்டார். அப்போதும் இல்லை.

22.3.71

பாளையங்கோட்டைத் துப்பாக்கிக் கடை. கிருபாநிதி அண்ணாச்சி வெடிக்காத தோட்டாவைத் தடவி விரலை மோந்து பார்த்தார். "எண்ண போட்டியளா?"

"வாராவாரம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"கடக்கரைக்காரங்க எல்லாரும் இதத்தான் செய்யுதீங்க. எண்ண மெல்ல உள்ள எறங்கி அடியில நெருப்பு பத்துற மருந்துக் கேப்ப நனைச்சிரும். வெளிய தங்கமா மின்னும், உள்ள செத்துக் கெடக்கும்."

"மிச்சம் ஏழு இருக்கே, அதுல எது செத்தது?"

"சுட்டாத்தான் தெரியும்."

சுட்டால் தெரியும். தெரிந்த பிறகு அது கையில் இருக்காது. பஸ் ஊர் வந்து சேரும்வரை யோசித்தேன், வேறு வழி தோன்றவில்லை. புது சாலிட் மெட்ராஸிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும். நாளை மறுநாள் ஜீப்.

23.3.71

சண்டை. "ஒண்ணு வெடிக்கலன்னா அடுத்தத ஏத்திச் சுடுவேன்" என்கிறார். அதுவரைக்கும் யானை என்ன, வரிசையில நிக்குமா? "ரோச் பயந்துட்டான்னு சொல்லுவானுவ ஏளா." சொல்லட்டுமே! பயந்தா என்ன கொறஞ்சு போச்சு? செத்தா நான் என்ன செய்வேன் — நான் துடைத்துத் துடைத்துக் கெடுத்த தோட்டாவால் செத்தால்?

24.3.71

ஜீப் வந்தது. காப்பியைக் கொடுத்த கையோடு, இவர் வாய் திறக்குமுன் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரந்தானே மதினி. தோப்புப் பக்கம் ஆளு போவாமப் பாத்துக்கிடுதேன். இவன் உசுரு பெருசு."

ஜீப் திரும்பிப் போனது. இவர் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். பேசாமலாவது கண்ணெதிரே இருக்கிறார். எனக்குச் சந்தோஷம், மறைப்பானேன்.

2.4.71

தோட்டா வரவில்லை. இவரும் இன்னும் பேசவில்லை.

4.4.71, குருத்தோலை ஞாயிறு

களக்காட்டிலிருந்து ஆள் வந்தது. தோப்புக் காவல்காரர் பெண்சாதியாம், பிச்சம்மாள். நேற்றுச் சாயங்காலம் ஓரத்தில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போயிருக்கிறாள். யானை உள்ளே நின்றது தெரியவில்லை.

இவர் பதினோரு நாளைக்குப் பிறகு பேசினார். "நான் போயிருக்கணும்."

"வெடிக்காமப் போயிருந்தா?"

"வெடிச்சிருந்தா?"

7.4.71

பார்சல் வந்தது. புது சாலிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். தடுக்கவில்லை.

9.4.71, பெரிய வெள்ளி

வந்துவிட்டார். ஒரே குண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். முன்னங்காலை மடித்து உட்கார்ந்ததாம், பிறகு எழவில்லை. குண்டு எவ்வளவு தூரம் போனது, வழியில் திரும்பியதா, வெளியே வந்ததா — மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் இவரைத் தூங்கவே விட்டிருக்க மாட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. குளித்துவிட்டுப் படுத்தார். சிலுவைப் பாதைக்கு நான் தனியாகப் போனேன்.

17.4.71, சனி

பழைய தோட்டா ஏழும் பெட்டியில்தான் இருந்தன. எத்தனை நாள் அதைத் தாண்டித் தாண்டி நடப்பது? சுட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன்.

"வேண்டாம்ளா. தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

தெரியவில்லை. ஆனாலும் தெரிய வேண்டும். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரைபிளை எடுத்தார்.

அதே உப்பளம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் ஜெபித்தேன். மாதாவே, இது வெடிக்கக் கூடாது. ஒன்றே ஒன்று செத்திருந்தால் போதும், நான் செய்தது சரியென்று ஆகிவிடும். நாலாவதும் வெடித்தது. கடைசித் தோட்டாவை இவர் உள்ளே போட்டு, சுடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுடுங்க என்றேன்.

ஏழும் வெடித்தன.

இவர் குனிந்து வெற்றுக் கூடுகளைப் பொறுக்கினார். சத்தம் கேட்டு சிலுவை அண்ணன் வரப்பு மேல் ஓடிவந்து, என்ன மாப்பிள்ளை, எதைச் சுட்டீங்க என்று கேட்டார். இவர்தான் சொன்னார்.

"பழசு மச்சான். எதுக்கும் ஆவாது. சும்மா சுட்டுத் தீத்துட்டேன்."