பலாலியில் எழுதாமல் விட்ட ஒரு வரி

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

உங்களுக்கு நான் எழுதி ஏழு வருடமாகிறது. நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகத்தில் என் பெயரில் ஒரு பக்கம் வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அதெல்லாம் எழுத்தல்ல. வானத்தை ஆண்டவர், மைத்துனனை மகனாக வளர்த்தவர் என்று அக்கா கேட்டபடி நிரப்பிக் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்துவிட்டார். வாசித்தவர்கள் அழுதார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பக்கத்தில் கொள்ளாததைத்தான் இப்போது எழுதுகிறேன். யார் வேண்டுமென்றாலும் வாசிக்கட்டும். உங்களுக்கு மட்டும்தானே இது வந்து சேரப் போவதில்லை.

நீங்கள் கப்டன், நான் உங்கள் கோ-பைலட். ரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறக்கும் இரட்டை எஞ்சின் விமானத்தில் ஐந்து வருடம் உங்கள் வலப்பக்கத்தில் இருந்தேன். உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்தில் நின்றவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைத்து அந்த இருக்கையில் ஏற்றியவர் நீங்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். மறக்க நீங்கள் எங்கே விட்டீர்கள்? புதிதாக வருகிற ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் என்னை அறிமுகப்படுத்துவீர்கள்.

"உவன் என்ரை மனிசியின்ரை தம்பி. வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவன்."

அந்தப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அக்காவின் புருஷனை எதிர்த்துக் கதைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மற்றக் கப்டன்மார் தங்கள் கோ-பைலட்டுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விமானத்தை இறக்கக் கொடுப்பார்கள். எனக்கு மாதத்தில் ஒரு தடவை. மற்ற நாட்களில் ஒரு பென்சிலும் தாள்கட்டும். "கையை மடியிலை வைச்சுக்கொண்டு இரு. கோபுரம் சொல்லுறதை எழுதிக் காட்டு. கதைக்காதை." காற்று எந்தப் பக்கம், எந்த முனையில் இறங்குவது என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் றேடியோவில் சொல்வதையெல்லாம் எழுதி முழங்காலில் வைப்பேன். நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொல்வீர்கள்.

எனக்குக் கிடைத்த அந்த ஒரு தடவையில் ஒருநாள் சற்றுக் குத்தி இறக்கிவிட்டேன். நீங்கள் படியில் நின்று, இறங்கிய ஒவ்வொரு பயணியிடமும், "மன்னிக்கோணும், இறக்கினது இவர்" என்று என்னைக் கையால் காட்டினீர்கள். அதில் எங்கள் ஊர் அதிகாரியான விதானையாரும் ஒருவர். அடுத்த நாள் உரும்பிராய்ச் சந்தையில் அதுதான் கதை.

எழுதச் சொல்வது என்னை அடக்கி வைக்கத்தான் என்று முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள், மாங்குளத்துக்கு மேலே, பென்சில் முனை முறிந்துவிட்டது. கோபுரம் சொன்னதை வாயால் சொன்னேன். நீங்கள் திரும்பி என் வாயைப் பார்த்தீர்கள். இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன். "எழுதடா!" என்று கத்தினீர்கள். உங்கள் முகத்தில் நான் அதுவரை கண்டிராத பயம் இருந்தது. பென்சிலைப் பல்லால் கடித்துக் கூராக்கி எழுதிக் காட்டினேன். அப்போதுதான் முகம் பழையபடி ஆனது.

உங்களுக்குக் காது கேட்பதில்லை. இருபது வருடத்து எஞ்சின் சத்தம் தின்றுவிட்டது. வருடாந்தப் பரிசோதனையில் வைத்தியர் பின்னால் நின்று இரகசியமாகச் சொல்கிற எண்களை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் வருடாவருடம் அதே எண்களைத்தான் சொன்னார், நீங்கள் பாடமாக்கி வைத்திருந்தீர்கள்.

அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் எவ்வளவு இரக்கம் வந்தது தெரியுமா அத்தான்? வேறு யாராவது என்றால் நேரே போய்ச் சொல்லியிருப்பான். நான் அதன் பிறகு எழுத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு பென்சில் கொண்டுவந்தேன். என்னை ஒருநாள் நினைத்துப் பார்ப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நினைத்துத்தான் பார்த்தீர்கள். கோ-பைலட்டைக் கப்டனாக்க அவனுடைய கப்டன் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம், மூன்று படிவம். மூன்றிலும் ஒரே வரி: 'இன்னும் பக்குவம் போதாது.' எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் தோளில் கப்டனுக்குரிய நான்காவது பட்டியோடு போனார்கள். எனக்கு வந்த சம்பந்தம் ஒன்று, மாப்பிள்ளை எப்போது கப்டனாவார் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டது.

மூன்றாவது படிவத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்டத்தரிப்பில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் அக்காவிடம் இரகசியம் சொல்வதாக நினைத்து நீங்கள் சொன்னது பக்கத்து வளவுக்கே கேட்டிருக்கும்.

"உவனைக் கப்டனாக்கி விட்டால் எனக்கு ஆர் எழுதுறது? நான் பறக்குமட்டும் உவன் உப்பிடியே இருக்கட்டும்."

அக்கா என்ன பதில் சொன்னா? எனக்குக் கேட்கவில்லை. அவ மெல்லக் கதைக்கிறவ. உள்ளே வந்தபோது எனக்கு முதல் தட்டு வைத்தது அவதான், பொரித்த மீனில் பெரிய துண்டும் எனக்குத்தான். இன்றுவரை அந்தத் துண்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது.

விமானிகளைச் சோதிக்கிற பரிசோதகர் ஏறிய நாளுக்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து வந்து, நம் இருவருக்கும் பின்னால் மடக்கு நாற்காலியில் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு இருந்தார். நீங்கள் அவருக்குக் கேட்கும்படி, "எழுது, எழுது, உன்ரை மறதிக்கு அதுதான் மருந்து" என்றீர்கள். ஓம் என்று தலையாட்டினேன். பலாலி தெரிகிற வரைக்கும் எல்லாவற்றையும் எழுதினேன்.

சீமெந்துத் தொழிற்சாலையின் புகை தெரிந்தது. பதினெட்டுப் பயணிகளோடு நீங்கள் இறக்கத் தொடங்கிவிட்டீர்கள். அப்போது கோபுரம் கூப்பிட்டது: ஓடுபாதையில் மாடுகள், இறங்க வேண்டாம், ஒரு சுற்றுச் சுற்றி வரவும்.

நான் பென்சிலை வைத்தேன். கைகள் இரண்டையும் மடியில் வைத்தேன்.

கோபுரம் இரண்டாம் தரம் கூப்பிட்டது. பரிசோதகருக்குக் கேட்டிருந்தது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பதற்காக அவரும் பேசாமல் இருந்தார். முந்நூறு அடி உயரத்துக்கு இறங்கியதும் சொல்லிவிடுவது என்று எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். உண்மையில் சொல்லியிருப்பேனா? பின்னால் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் என் முழங்காலைப் பார்த்தீர்கள். வெறுந்தாள். என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபுரம் என்ன சொன்னது என்று பரிசோதகர் உங்கள் காதடியில் குனிந்து கத்திக் கேட்டார். "இறங்கலாம் எண்டது" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னீர்கள், நல்ல கம்பீரமாக. அவர் என் தோளில் தட்டினார். விமானத்தை என் கைக்கு எடுத்து மேலே தூக்கினேன். கீழே நாலைந்து எருமைகள் அண்ணாந்தும் பாராமல் நின்றன. சுற்றி வந்து நான்தான் இறக்கினேன். அவ்வளவு மெத்தென்று அதற்கு முன்னும் பின்னும் நான் இறக்கியதில்லை. ஒரு பயணி உங்களிடம் கைகொடுத்து நன்றி சொன்னார். இறக்கியது இவர் என்று அன்றைக்கு நீங்கள் என்னைக் காட்டவில்லை.

அந்த வெறுந்தாளைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். படியால் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"பென்சில் இருந்ததோ?"

"ஓம் அத்தான். சீவித்தான் வைச்சிருந்தனான்."

அது உங்களுக்குக் கேட்டதா? என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள்.

ஒரு வாரத்தில் உங்கள் காதைச் சரியாகச் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் எனக்கு நான்காவது பட்டி வந்தது. பண்டத்தரிப்பில் நீங்கள் வீட்டோடு இருந்தீர்கள். கொஞ்ச நஞ்சம் கேட்டதும் நின்றுபோக, அக்கா உங்களுக்கென்று ஒரு சிலேட்டு வாங்கினா. பால்காரனும் அதில் எழுதித்தான் உங்களோடு கதைத்தான். நான் வரும்போதெல்லாம் அந்தச் சிலேட்டை என் பக்கம் நீட்டுவீர்கள். நான் அதைத் தொட்டதேயில்லை. வாயால்தான் கதைத்தேன், அதுவும் மெல்ல. நீங்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுவீர்கள். ஏழு வருடம் அப்படித் தலையாட்ட வைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது அத்தான், மறைக்க என்ன இருக்கிறது? விமானத்தையும் சில நாள் உங்கள் வளவுக்கு மேலால் தாழ்த்திக்கொண்டு போவேன். நீங்கள் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருப்பீர்கள். தலை நிமிராது.

ஆனால் யாருக்கும் நீங்கள் சொல்லவில்லை. ஏன்? பெரிய மனதா, வெட்கமா? சொல்லியிருந்தால் நானும் திட்டித் தீர்த்துவிட்டு ஆறியிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எல்லோரும் போன பிறகு, அக்கா உங்கள் பைலட் லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து என் இடப்பக்கத்தில் இருந்தா. ஏதோ கேட்டா. நான் பேசாமல் இருந்தேன். என் கையைப் பிடித்து உலுக்கி, "என்ன தம்பி, உனக்கும் காது அவரைப் போலவே?" என்றா. பிறகு புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துக் காட்டினா. "ஒண்டும் எழுதாத தாளை ஏன் உவ்வளவு பத்திரமாய் வைச்சிருந்தவர்?"

"தெரியாது அக்கா" என்றேன். அவ என்னை விட்டுக் கண் எடுக்கவில்லை.

காது அப்படித்தான் அத்தான். இடது போய்விட்டது, வலது பின்னாலேயே போகிறது. வைத்தியர் ஓய்வு பெறவில்லை, எண்களையும் மாற்றவில்லை. என் வலப்பக்கத்தில் இப்போது கொழும்புத்துறைப் பொடியன் ஒருவன் இருக்கிறான், ராஜன் என்று பெயர். கெட்டிக்காரன். என்னைவிட நன்றாக இறக்குவான். மாதத்தில் ஒரு தடவை கொடுக்கிறேன். மற்ற நாளில் எழுதச் சொல்கிறேன். பெரிய எழுத்தில் எழுதுகிறான், நான் கேட்காமலே. அவனுக்குத் தெரிந்துவிட்டதென்றுதான் நினைக்கிறேன். அவனுடைய படிவம் இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஆகவே மூன்று வாக்குத் தருகிறேன். அந்தத் தாளின் கதையை என் வாயால் அக்காவுக்குச் சொல்லமாட்டேன். ராஜனின் படிவத்தில் உங்களுடைய வரியையே எழுதுவேன், ஒரு சொல்லும் மாற்றாமல். பரிசோதகர் ஏறுகிற நாளில் அவனுடைய பென்சிலை நானே சீவிக் கொடுப்பேன்.

இன்னும் பக்குவம் போதாத
உங்கள் மைத்துனன்
சிவம்