சூடாக்கி வைத்திருந்த சிவப்புக் கார்

தேயிலைக் கொழுந்து லொறியில் பதினெட்டு வருசம் என் வாயைப் பொறுத்துக்கொண்ட அன்பு மச்சானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருசம் ஆகப்போகிறது. தோட்டத்து லயத்தில் வீட்டுக் கூரைக்கு நீங்கள் அடித்த தகரம் இன்னும் ஒழுகவில்லை. பக்கத்துத் தகரம்தான் ஒழுகுகிறது. அக்காவுக்கு முழங்கால் வலி. எனக்குப் பல் இரண்டு போய்விட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை. உங்கள் மகள் வசந்தி சைப்ரசிலிருந்து வந்துவிட்டாள். இந்தக் கடிதம் அவள் வாங்கப் பார்த்த காரைப் பற்றியது.

சிவப்புக் கார். ஜப்பான்காரன் செய்தது, யாரோ கொழும்பில் ஓட்டிவிட்டு விற்றது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். படத்தைப் போனில் காட்டியபோது நான் கேட்டேன்:

"மத்த ரெண்டு கதவும் எங்கடி? கழட்டி வித்துட்டாங்களா?"

"இது கூபே மாமா. ஸ்போர்ட்ஸ் கார். கதவு ரெண்டுதான் வரும்."

"அப்ப பின்னால ஏறுறவன்?"

"முன் சீட்ட மடிச்சிட்டு நுழையணும்."

"நுழையறதுக்கு நான் என்ன கீரிப்புள்ளையா?"

சிரித்தாள். ஆனால் அவள் யோசனை விளையாட்டு இல்லை, மச்சான். இப்போது நம் பக்கத்துக் கல்யாணங்களில் பொண்ணு மாப்பிள்ளை வருவதற்கு இந்த மாதிரிக் காரைத்தான் தேடுகிறார்கள். பண்டாரவளையில் வாடகைக்கு ஒன்றும் இல்லை, கொழும்பிலிருந்து வரவழைக்கிறார்கள். தானே வாங்கி, தானே ஓட்டி, பூ கட்டி வாடகைக்கு விட்டால் ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்றாள். ஒன்பது வருசம் அந்நியர் வீட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்டிச் சேர்த்ததெல்லாம் இந்தக் காருக்குள் போகப்போகிறது. கார் நல்லதென்றால் இங்கே இருப்பாள். கார் அமையவில்லை என்றால் திரும்பப் போவாள். ஏஜென்சிக்காரன் தந்த தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகியிருந்தது. அக்கா தினமும் விளக்கேற்றும்போது அதையும் பார்த்துக்கொண்டுதான் கும்பிட்டாள்.

உங்கள் மகள் சும்மா போய் நிற்கவில்லை. இரண்டு தரம் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்கி, அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று தடவியிருக்கிறாள். சீட்டுப் பட்டியை முழுவதும் இழுத்து, வெள்ளத்தில் கிடந்த சேறு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். நாலு டயரிலும் தேய்மானம் ஒரே மாதிரியா என்று கையால் அளந்திருக்கிறாள். தீப்பெட்டி அளவில் ஒரு சாமானைக் காரில் சொருகினால் காருக்கு என்ன நோய் என்று போனில் எழுத்து வருமாம். ஒரு நோயும் வரவில்லை. நீங்களும் நானும் லொறிக்கு நோய் பார்த்த விதத்தை நினைத்தேன். டிரைவர் நீங்கள் டயரை உதைப்பீர்கள், கிளீனர் நான் அடியில் படுத்து ஒயில் சொட்டுகிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதானே?

அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று கேட்பீர்கள். முற்பணம் கொடுக்கத் தாய்மாமன் வர வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். நல்ல நேரமும் அக்காதான் கேட்டு வந்தாள். நம் ஆட்கள் வாகனம் பார்க்கப் போனால் முதலில் பிரிப்பது பொனட்டையா? பஞ்சாங்கத்தைத்தானே. காலை ஒன்பது பத்துக்குச் சாவி திருப்ப வேண்டும், ஒரே திருப்பில் இஞ்சின் பிடிக்க வேண்டும், பிறகு வெற்றிலையில் வைத்துப் பணத்தை நீட்ட வேண்டும். பூசாரி சொல்லியாயிற்று.

பண்டாரவளையில் கார் விற்கும் முஸ்லிம் நானா நல்ல மனிதர். வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். பிளேன்டீ கொடுத்தார். ஒன்பது பத்துக்கு வசந்தி சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்பினாள். உறுமல் இல்லை, இருமல் இல்லை. பூனை மாதிரி எழும்பியது. அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் என் பழக்கத்துக்குப் பொனட் மேல் கையை வைத்தேன். சுட்டது.

"நானா, வண்டி இப்பத்தான் எங்கயாச்சும் போய் வந்துச்சா?"

"இல்லியே. எட்டு மணிக்கி நம்மட பொடியன் ஸ்டார்ட் பண்ணி அரை மணித்தியாலம் ஓட விட்டான். சோக்கா சூடாகி ஈக்குது."

"ஏன் நானா?"

"உங்கட ஆக்கள் நல்ல நேரத்துக்குத்தானே வாற. போன மாசம் வேற ஒரு வண்டி பாக்க ஒரு குடும்பம் வந்திச்சி. காலக் குளிர், ரெண்டு தரம் இழுத்துத்தான் பிடிச்சிச்சி. சகுனம் சரியில்லன்னு டீயும் குடிக்காம போய்ட்டாங்க. அதுல இருந்து யாரு வந்தாலும் முன்னமே சூடாக்கி வைக்கச் சொல்லிடுவன்."

"நான் வந்த ரெண்டு தரமும் சூடாக்கினீங்களா நானா?" என்று வசந்தி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஓம் மகள். நீங்களும் நல்ல நேரம் பாத்துத்தானே வந்தீங்க?"

அவர் மறைக்கவில்லை, மச்சான். நமக்கு மரியாதை செய்திருக்கிறார். ஆனால் ஓடிச் சூடான இஞ்சினில் ஒயில் மேலே ஏறி எல்லா ஓட்டையையும் மூடிவிடும். குளிர்ந்த இஞ்சின்தான் வாயைத் திறந்து உண்மை பேசும். இன்னொரு நாள் விடியற்காலை வருகிறேன் என்றேன். வசந்தி கையில் வெற்றிலை.

"நாளைக்கு அட்டமி மாமா. அம்மா விடமாட்டாங்க. இன்னொரு ஆளும் பார்த்துட்டுப் போயிருக்காராம்."

"சரி, முற்பணத்தை மடியில வை. ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துட்டு வந்து குடுப்போம்."

அப்படித்தான் கிளம்பினோம். வசந்தி ஓட்டினாள், நானா பக்கத்தில், நான் பின்னால் கீரிப்பிள்ளை. முழங்கால் என் தாடையில் இடித்தது. ஹப்புத்தளை தாண்டி பெரகலை இறக்கம் வரைக்கும் கார் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை, வளைவில் ஆடவில்லை. எனக்கே ஆசை வந்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும்தானே?

பெரகலைச் சந்தியில் ரொட்டி சாப்பிடலாம் என்றேன். ஒரே பனி. கடைக்கு வெளியே நிறுத்திய கார் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. ரொட்டி முடிந்ததும் வசந்தி எழுந்தாள். நான் எழவில்லை. நானாவிடம் கதை சொல்லத் தொடங்கினேன்.

நீங்கள் கொஸ்லந்தையில் வாங்கிய ஆட்டுக் கதைதான். ஆடு யாருடையது, அந்த ஆள் யாருக்கு மருமகன், அவன் மாமியார் எந்தத் தோட்டம், எல்லாம் சொன்னேன். ஆடு நொண்டுகிறதே என்று நான் சொல்லச் சொல்ல, முகம் லட்சணமா இருக்குடா என்று நீங்கள் வாங்கியதைச் சொன்னேன். அது லொறிக்குள்ளேயே நின்று கொழுந்து எடைச் சீட்டு முழுவதையும் தின்றதைச் சொன்னேன். ஒவ்வொரு மலையாக நான் ஏறிப் புதுச் சீட்டு வாங்கியதை ஒவ்வொரு மலையாகச் சொன்னேன்.

"மாமா, ஆடு செத்து பத்து வருசமாச்சு. எந்திரிங்க."

"இரும்மா, ரெண்டாவது மலைக்குத்தான் வந்திருக்கேன்."

"இவர்ட கதையில நான் இறங்குற சந்தி எங்க ஈக்கி?" என்று நானா கடைக்காரரைக் கேட்டார். கேட்டாலும் இன்னொரு டீ சொன்னார். அந்த மனிதருக்கு ஆடு என்ன ஆனது என்று தெரிய வேண்டியிருந்தது.

மூன்று மணி நேரம் பேசினேன். நடுவில் ஒன்றுக்குப் போகிற சாக்கில் பொனட்டைத் தொட்டுப் பார்த்து வந்தேன். கடைசியாகத் தொட்டபோது ஈயப் பானை மாதிரிச் சில்லென்று இருந்தது. ஆட்டைச் சாகடித்துவிட்டு எழுந்தேன்.

வசந்தி சாவியைத் திருப்பினாள். தகர டின்னுக்குள் சங்கிலியைப் போட்டு ஆட்டுகிற சத்தம் வந்தது. பின்னால் நீலப் புகை, பனிக்குள்ளேயே தனியாகத் தெரிகிற நீலம். பத்து எண்ணுவதற்குள் இரண்டும் அடங்கி, மறுபடி பூனை.

நானா இறங்கிப் பின்னால் போய் நின்றார்.

"வல்லாஹி, எனக்கித் தெரியாது அண்ணே. வாங்கின நாள்ல இருந்து பொடியன் சூடாக்கி வச்ச பொறகுதான் நான் சாவியத் தொடுற."

"இஞ்சின் உள்ளுக்குத் தேஞ்சி போச்சு நானா. ஒயில் குடிக்குது."

வசந்தி ஸ்டீயரிங்கை விடவில்லை. பின்னால் திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு மாமா?"

"வேணாம்னு சொல்லியிருப்பாரு."

பண்டாரவளைக்குத் திரும்பியதும் காரை இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். சாவியை நானா கையில் கொடுத்தாள். வெற்றிலையைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டாள்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. "நல்ல நேரத்துல ஒரே திருப்புல பிடிச்ச வண்டிய, ஆட்டுக் கதை சொல்லிக் கெடுத்துட்டான். எம்புள்ளைய பிளேன் ஏத்தத்தான் இவன கூட அனுப்பினேனா?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஏஜென்சித் தாள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வசந்தி இங்கே இருந்திருப்பாள். எத்தனை கல்யாணத்துக்கு ஓடியிருக்கும், எந்த வளைவில் ஒரு மணப்பெண்ணோடு நின்றிருக்கும், யாருக்குத் தெரியும்?

போன ஞாயிறு வசந்தி வந்தாள். பதுளையில் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறதாம். அன்றைக்கு நாங்கள் போய்ச் சேரும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாள். நல்ல நேரம் கேட்கவில்லை. இதுவும் சரிவராவிட்டால் தாளில் கையெழுத்து வைப்பாளாம். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அப்பா நெசமாவே அப்படித்தான் சொல்லியிருப்பாரா மாமா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லடி. வாங்குன்னுதான் சொல்லியிருப்பாரு. வேணாம்னது நான்தான்."

"அதை நீங்களே சொல்லியிருக்கலாமே. உங்க பேச்சக் கேக்க மாட்டேனா?"

ஒரு கிளீனர் சொல்லி யார் கேட்பார்கள் என்று நினைத்து உங்கள் வாயை இரவல் வாங்கிவிட்டேன். கேட்கவும் நீங்கள் இல்லை, மறுக்கவும் நீங்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்சில் பதுளைக்குப் போகிறோம். அந்தக் கார் நல்லதென்றால் நல்லது என்பேன். கெட்டதென்றால், அவள் பிளேன் ஏறினாலும், அக்கா சாகும்வரை பேசாவிட்டாலும், கெட்டது என்பேன். இரண்டையும் என் பேச்சாகவே சொல்வேன், மச்சான். உங்கள் பெயரை இழுக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன், வசந்திக்குத் தாய்மாமன்,
செல்லையா
பூனாகலை