பாறை சத்தம் போட்டது

ஸ்கெலட்டன் லைன்,
கோலார் தங்கவயல்.
9-12-1971

எல்லையில் இருக்கும் அண்ணன் தம்மபாலனுக்கு, தம்பி சின்னப்பா எழுதுவது.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம்; நீயும் அப்படியே இருக்க வேண்டும். ரேடியோவில் டாங்கிச் சண்டை என்றாலே அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

உன் கடிதம் நேற்று வந்தது. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையில் சேர் என்கிறாய். போட மாட்டேன். நீ பீரங்கிக்காரன், உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

டாங்கியை அடிக்கும் குண்டுகளைப் பற்றிப் போன லீவில் சொன்னாயே. ஒன்று கெட்டி இரும்பு, வேகத்தாலேயே துளைத்துக்கொண்டு போகும். இன்னொன்று பட்ட இடத்தில் நெருப்பை ஊசிபோல் குவித்து ஓட்டை போடும். மூன்றாவதுதான் என் மண்டையில் நின்றது. அது ஓட்டையே போடாது. சப்பாத்தி மாவு மாதிரி டாங்கியின் மேல் அப்பிக்கொண்டு வெடிக்கும். உள்பக்கத்து இரும்பு பெயர்ந்து தெறித்து, உட்கார்ந்திருப்பவனைக் கொல்லும்.

நம் வேலு அப்படித்தான் செத்தான். மேலே இருக்கும் பாரம் அழுத்தி, சுரங்கத்துச் சுவர் தானாகப் பெயர்ந்து அவன் மேல் தெறித்தது.

அன்று எங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டை விட்டு இறங்கியதுமே பாறை சத்தம் போட்டது. அடுப்பில் உப்பு வெடிக்குமே, அப்படி. அது அடங்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்பது அப்பா காலத்து வழக்கம். நான் நின்றுவிட்டேன். ஷிஃப்ட் பாஸ் டக்ளஸ் எல்லார் முன்னாலும் கத்தினார்: "உங்கண்ணன் பார்டர்ல குண்டுக்கு முன்னாடி நிக்கிறான். நீ இன்னாடா, கல்லுக்குப் பயப்படறே?"

"அவனுக்கு பீரங்கி குடுத்துக்கிறாங்க சார். எனக்கு இன்னா குடுத்தீங்க, தொப்பியில ஒரு லைட்டு" என்றேன். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேலுவைப் பார்த்து "நீ போடா" என்றார். வேலுவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. போனான்.

இப்போது கேட்கும் கையெழுத்து இதற்குத்தான்: பாறை சத்தம் போடவில்லை, வேலு யாரும் சொல்லாமல் தானாக உள்ளே போனான். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள், திட்ட மனம் வரவில்லை. நானும் போட்டால் அவன் பெண்டாட்டி ஜெயம்மாவுக்கு நஷ்டஈடு கிடையாது. அவளுக்கு இது நிறைமாதம்.

யுத்த நேரத்தில் தங்கம் எடுப்பதைக் கெடுக்கிறவன் தேசத்துரோகி என்று ஆபீசில் ஒருவன் சொன்னான். பூமிக்கு அடியில் செத்தவன் எந்தத் தேசம் என்று கேட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டான்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போனான். லைன் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். அம்மாவைக் கேட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டு வா, உனக்கு எவ சோறு போடறான்னு பாக்கறேன்" என்றாள். உனக்கு அவள் பதிலும் அதுதான்.

திங்கட்கிழமை விசாரணை. பாறை சத்தம் போட்டது என்று தமிழில் சொல்வேன். புரியவில்லை என்றால் கன்னடத்திலும் சொல்வேன்.

லீவு கிடைத்தால் நேராக நம் லைனுக்குப் போகாதே. அங்கே வேறு யாராவது குடியிருப்பார்கள். டீக்கடை மரியகுழந்தையைக் கேள், எங்களைக் காட்டுவார். எந்தக் கூரையாக இருந்தாலும் உனக்கு ஒரு பாய் விரிக்க இடம் வைத்திருப்போம். புத்தர் பெருமான் உன் பக்கம் நிற்கட்டும். அந்தப் பாயைச் சும்மா கிடக்க விடாதே, அண்ணா.

உன் தம்பி,
சின்னப்பா